கிரிட்: தொகுப்பா, பின்னலா, மடையா?

2018 மார்ச் தொடக்கத்தில் ஐரோப்பாவின் பல வீடுகளில் மின்னடுப்புக் கடிகாரம் ஏறத்தாழ ஆறு நிமிடம் பின்தங்கியிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. செர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் இடையே ஒரு தகராறு. கொசோவோவில் செலவான மின்சாரத்தில் ஒரு பகுதிக்கு ஈடாக யாரும் உற்பத்தி செய்து தரவில்லை. அந்தக் குறை, நொடிக்கு 50 முறை துடிக்க வேண்டிய மின்னோட்டத்தைச் சராசரியாக 49.996 என்ற அளவுக்கு இறக்கியது. மின்னோட்டத்தின் துடிப்பை எண்ணி நேரம் காட்டும் கடிகாரங்கள் ஸ்பெயின் முதல் துருக்கி வரை 25 நாடுகளில் ஒன்றுபோல் தாமதித்தன.

மின்நிலையங்களையும் வீடுகளையும் நாடு கடந்தும் ஒன்றாகப் பிணைக்கும் கம்பி வலைக்குக் கிரிட் என்று பெயர். அந்தச் சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அகராதியோ நம்மைச் சமையலறைக்கு வேறு வழியாக அழைத்துப் போகிறது. கிரிட் என்பது 'கிரிடையர்ன்' என்பதன் சுருக்கம். இறைச்சி சுடும் கம்பித் தட்டி என்று பொருள். அதன் கடைசியில் இருக்கும் 'அயர்ன்' ஒரு செவிப்பிழை. பழைய வடிவமான 'கிரெடைர்' என்பதில் இரும்பே இல்லை. வாலில் இரும்பு ஒலிப்பதாக மக்கள் காதில் பட்டது, எழுத்தும் அதன்படி மாறிக்கொண்டது. வேர் லத்தீனில் இருக்கிறது: 'கிராட்டிஸ்', மிலாறு என்னும் மெல்லிய குச்சிகளைக் கொண்டு முடைந்த தட்டி.

முடைந்த தட்டி மின்சாரத்துக்கு வந்தது பிரிட்டனில். 1926-ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய மின்சார வாரியத்தை அமைத்தது. 132 கிலோவோல்ட் கம்பிகள் வட்டாரம் வட்டாரமாக இழுக்கப்பட்டன. வரைபடத்தில் பார்த்தால் தட்டிதான், பெயர் ஒட்டிக்கொண்டது. 1937-இல் ஓர் இரவு, பணியில் இருந்த பொறியாளர்கள் மேலிடத்தைக் கேட்காமலே வட்டாரங்களை ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் வெடிக்கவில்லை.

தமிழுக்கு வருவோம். பழைய கலைச்சொல் பட்டியல்களில் கிரிட்டுக்கு 'நெய்யரி' என்ற சொல் உண்டு. நெய்யரி என்றால் பன்னாடை, தென்னை மட்டையின் அடியில் இயற்கையே நெய்து வைத்திருக்கும் வலை. லத்தீன்காரனின் தட்டிக்கு இதைவிட நெருங்கிய உறவு கிடையாது. ஆனால் பன்னாடை இன்று வசைச்சொல்லாகிவிட்டது, நெய்யரியோ யாருக்கும் தெரியாத சொல்லாகிவிட்டது. 'மின்பின்னல்' அழகாக இருக்கிறது, வழக்கில் இல்லை. இலங்கைச் செய்திகளில் 'மின் கட்டமைப்பு' என்று எழுதுகிறார்கள். கட்டமைப்பு என்பது சாலைக்கும் கட்சிக்கும் கூடப் பொருந்தும் என்பதுதான் அதன் குறை.

நிலைத்துவிட்ட சொல் 'மின்தொகுப்பு'. சிதறிக் கிடப்பதை ஒன்றுசேர்ப்பது தொகுத்தல்; எட்டுத்தொகையில் இருக்கும் அதே வேர். நல்ல சொல்தான், இருந்தாலும் ஒரு தவறான படத்தைத் தருகிறது. எங்கோ ஒரு தொட்டியில் மின்சாரம் குவிந்து கிடப்பதுபோலவும், வேண்டியவர்கள் மொண்டுகொள்வதுபோலவும் தோன்றுகிறது. அப்படி ஒரு தொட்டி கிடையாது. கம்பிகளில் எதுவும் சேமிப்பில் இருப்பதில்லை. எடுப்பதும் உற்பத்தி செய்வதும் அந்தந்தக் கணத்தில் சமமாக இருக்க வேண்டும். உற்பத்தி குறைந்தால் மின்நிலையங்களின் சுழலிகள் எல்லாமே சற்று மெதுவாகும், மின்னோட்டத்தின் துடிப்பும் குறையும். தொகுக்கப்படுவது மின்சாரம் அல்ல, தாளம்.

எல்லை கடக்கும்போது இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். ('எல்லை தாண்டிய' என்று எழுதக் கை வரவில்லை, நம் செய்தித்தாள்களில் எல்லை தாண்டுவது பயங்கரவாதமும், கைதாகும் மீன்பிடிப் படகும்தான்.) 1915-லேயே டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் இடையே கடலடிக் கம்பி போட்டுவிட்டார்கள். 1958-இல் ரைன் நதிக்கரையில், சுவிட்சர்லாந்தின் லாஃபென்பர்க்கில், ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து மூன்றின் 220 கிலோவோல்ட் தடங்களும் ஒரே நிலையத்தில் இணைந்தன. அன்று மூன்று நாடுகளும் ஒரே தாளத்துக்கு வந்தன. இதற்கு 'ஒத்தியங்கு மின்தொகுப்பு' என்பது சரியான பெயர்.

ஒரே தாளம் என்றால் ஒருவர் தடுமாறினால் எல்லோரும் தடுமாற வேண்டும். 2006 நவம்பர் 4 இரவு, ஜெர்மனியின் எம்ஸ் ஆற்றில் ஒரு பெரிய பயணிகள் கப்பல் கடந்து போவதற்காக, ஆற்றின் குறுக்கே போகும் உயர் அழுத்தத் தடத்தை நிறுத்தினார்கள். சுமை மற்றத் தடங்களுக்குத் தாவியது. அவை ஒன்றன்பின் ஒன்றாக விலகின. ஐரோப்பாவின் தொகுப்பு மூன்று துண்டாகியது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி வீடுகள் இருண்டன.

இன்னொரு வகை இணைப்பு உண்டு. திசை மாறி மாறித் துடிக்கும் மாறுமின்னோட்டத்தை, துடிப்பில்லாமல் ஒரே திசையில் போகும் நேர்மின்னோட்டமாக்கி அனுப்பி, அக்கரையில் புதிதாக மாறுமின்னோட்டமாக்குவது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே 1961-இல் கடலடியில் போட்ட 160 மெகாவாட் தடம் இப்படிப்பட்டது. பிரேசில் – பராகுவே எல்லையில் உள்ள இதைப்பு அணையின் கதை இன்னும் சுவையானது: 20 சுழலிகளில் பாதி 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 துடிப்பு), பாதி 60 ஹெர்ட்ஸ். பராகுவேயின் தாளம் ஒன்று, பிரேசிலின் தாளம் வேறு. பராகுவே தன் உபரியை விற்கும்போது அது நேர்மின்னோட்டமாகப் போய், பிரேசிலின் தாளத்துக்கு மாறுகிறது.

இதையும் தொகுப்பு என்றே எழுதுவது குழப்பம். 'இணைப்புத்தடம்' என்பார்கள், போதும். என்னைக் கேட்டால் 'மின்மடை' என்பேன். மடைக்கு இந்தப் பக்கத்து அலை அந்தப் பக்கம் போகாது. திறந்த அளவுக்குத் தண்ணீர் மட்டும் போகும்.

வருங்காலம் தொகுப்பு, மடை இரண்டிலும் நடக்கிறது. எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றும் 2025 பிப்ரவரி 8 அன்று ரஷ்யத் தொகுப்பிலிருந்து விலகி, ஒருநாள் தனித்து இயங்கி, மறுநாள் போலந்து வழியாக ஐரோப்பியத் தொகுப்பில் சேர்ந்தன. அரசியல் உறவு முறிந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் தாளம் முறியாமல் இருந்திருக்கிறது. மடைகளோ நீண்டுகொண்டே போகின்றன. 2021-இல் இயங்கத் தொடங்கிய நார்வே – பிரிட்டன் கடலடித் தடம் 720 கிலோமீட்டர். பிரிட்டனில் காற்று மிகுந்தால் மின்சாரம் அங்கிருந்து போகும், நார்வே அணைத் தண்ணீரைத் திறக்காமல் வைத்துக்கொள்ளும். காற்று ஓய்ந்தால் திசை மாறும்.

2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் முன்வைத்த 'ஒரே சூரியன், ஒரே உலகம், ஒரே கிரிட்' என்ற முழக்கத்தில் அந்த மூன்றாவது 'ஒரே' எனக்கு உறுத்துகிறது. கண்டங்களைக் கடலடியில் சேர்ப்பவை மடைகளாகத்தான் இருக்கும். தாளங்கள் பலவாகவே நீடிக்கும். 2024 நவம்பரில் நேபாளம் 40 மெகாவாட் நீர்மின்சாரத்தை இந்தியா வழியாக வங்கதேசத்துக்கு அனுப்பியது. முதல் எல்லையை அது தொகுப்பாகக் கடந்தது, ஏனென்றால் நேபாளமும் இந்தியாவும் ஒரே தாளத்தில் இயங்குகின்றன. இரண்டாவது எல்லையில், வங்கதேசத்தின் பேராமாராவில் உள்ள மாற்றி நிலையத்தில், அது மடை வழியாக இறங்கியது.