'மறுசீராய்வு மனு' என்று ஒன்று கிடையாது

"கீழமை நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மறுசீராய்வு மனு." இப்படி ஒரு வரி அடிக்கடி செய்தியில் வருகிறது. படிப்பவருக்கு இதில் என்ன புரியும்? மேல்முறையீடு செய்திருக்கிறார்களா? தீர்ப்பு சொன்ன அதே நீதிபதியிடம் திரும்பப் போயிருக்கிறார்களா? எழுதியவருக்கே தெரிந்திருக்காது என்பது என் சந்தேகம்.

நீதிமன்ற வளாகத்தில் இந்தக் குழப்பம் இல்லை. வக்கீலும் சரி, அவருடைய குமாஸ்தாவும் சரி, 'அப்பீல்', 'ரிவிஷன்', 'ரிவ்யூ' என்று மூன்றாகப் பிரித்துத்தான் பேசுவார்கள். இவற்றுக்குத் தமிழில் மேல்முறையீடு, சீராய்வு, மறுஆய்வு என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. அதற்கு மேல் நான்காவதாக ஒரு சொல் எதற்கு?

சொற்பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'முறை' என்றால் நீதி. வள்ளுவர் 'முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்' என்கிற இடத்தில் அந்தப் பொருள்தான். அநீதி நடந்தால் முறையிடுவோம். மேலே உள்ளவரிடம் முறையிட்டால் மேல்முறையீடு. ரிவிஷன், ரிவ்யூ இரண்டும் 'மறுபடி பார்' என்ற ஒரே இலத்தீன் வேரிலிருந்து வந்தவை. அதனால் அகராதியை மட்டும் புரட்டி மொழிபெயர்ப்பவர் இரண்டுக்கும் 'மறு' போட்டுவிடுகிறார். ஆனால் சட்டத்தில் இவை வெவ்வேறு வேலைகள். மொழிபெயர்க்க வேண்டியது வேலையை, வேரை அல்ல.

வேலை என்ன என்று பார்ப்போம். சிவில் வழக்கில், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 96-ஆம் பிரிவின்படி வரும் முதல் மேல்முறையீட்டில் சாட்சியம், ஆவணம், சட்டம் எல்லாவற்றையும் புதிதாக அலசலாம். 100-ஆம் பிரிவின்படி வரும் இரண்டாவது மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்கே உரியது. அதில் முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தாக வேண்டும். 1976 திருத்தம் வைத்த கட்டுப்பாடு அது. வரப்பு எங்கே ஓடியது என்று அங்கே போய்ப் புதிதாக வாதாட முடியாது.

சீராய்வு இந்த வரிசையில் வராது. அதே சட்டத்தின் 115-ஆம் பிரிவு, மேல்முறையீட்டுக்கு வழியில்லாத இடத்துக்கானது. கீழமை நீதிமன்றம் தனக்கு இல்லாத அதிகாரத்தைப் பயன்படுத்தியதா, இருக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தாமல் விட்டதா, பயன்படுத்தியபோது சட்டத்தை மீறியதா என்ற கேள்விகள்தான் இங்கே. தீர்ப்பு நல்லதா கெட்டதா என்பது இரண்டாம்பட்சம். நடந்த விதம் சீராக இருந்ததா என்பதே பேச்சு. 'சீர்' என்ற சொல் இங்கே எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள். இதை உருவாக்கியவர் யாரோ, சட்டமும் தமிழும் தெரிந்தவர்.

கிரிமினல் பக்கமும் இப்படித்தான். செக் பவுன்ஸ் வழக்கை எடுத்துக்கொள்வோம். மாஜிஸ்திரேட் தண்டித்தால் மேல்முறையீடு அமர்வு நீதிமன்றத்துக்குப் போகும். அங்கேயும் தோற்றவர் உயர் நீதிமன்றத்துக்கு வருவது இன்னொரு மேல்முறையீட்டில் அல்ல, சீராய்வில். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397, 401 பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 438, 442 ஆகியிருக்கின்றன. இந்த அதிகாரத்துக்கு எல்லையும் உண்டு. விடுதலையான ஒருவரைச் சீராய்வில் குற்றவாளி என்று தீர்ப்பளிக்க முடியாது; விடுதலையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பலாம்.

மறுஆய்வு முற்றிலும் வேறு. தீர்ப்பு சொன்ன நீதிமன்றமே, முடிந்தவரை அதே நீதிபதியே, தன் தீர்ப்பைத் திரும்பப் பார்ப்பது. ஆவணத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரிகிற பிழை இருக்க வேண்டும்; அல்லது எவ்வளவு முயன்றும் அப்போது கிடைக்காத சான்று இப்போது கிடைத்திருக்க வேண்டும்; அல்லது இவற்றுக்கு இணையான காரணம் வேண்டும். சிவிலில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 114-ஆம் பிரிவும் 47-ஆம் கட்டளையும் ('ஆர்டர்') இதைச் சொல்கின்றன. கிரிமினலில், உச்ச நீதிமன்றத்தைத் தவிர வேறெங்கும் இந்த வசதி கிடையாது. கையெழுத்திட்ட தீர்ப்பில் எழுத்துப்பிழை, கணக்குப்பிழையைத் திருத்தலாம். அதற்கு மேல் தொடக் கூடாது. ஆக, 'கொலை வழக்குத் தீர்ப்பை மறுஆய்வு செய்ய உயர் நீதிமன்றத்தில் மனு' என்று ஒருவர் எழுதினால், சட்டத்தில் இல்லாத கதவை அவர் திறந்துவிடுகிறார்.

சரி, 'மறுசீராய்வு' என்றால் நேர்ப்பொருள் என்ன? சீராய்ந்ததை மறுபடி சீராய்வது. இதைத்தான் சட்டம் வேண்டாம் என்கிறது! கிரிமினலில் ஒருவர் சீராய்வுக்கு அமர்வு நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோ நாடலாம். ஒன்றில் தோற்றபின் இன்னொன்றில் மறுபடி போட முடியாது. மறுஆய்வு என்று எடுத்துக்கொண்டாலும் கதை அதேதான்: மறுஆய்வு மனுவில் பிறந்த உத்தரவை மறுஆய்வு செய்யக் கேட்கக் கூடாது என்கிறது 47-ஆம் கட்டளையின் 9-ஆம் விதி. எந்தப் பக்கம் திருப்பினாலும் உட்காராத சொல் இது.

"எல்லாம் ஒன்றுதானே, மக்களுக்குப் புரிந்தால் போதும்" என்பார்கள். புரிவதில்லை என்பதுதான் பிரச்சினை. சிவிலில் சீராய்வுக்குக் காலவரம்பு 90 நாள். மறுஆய்வுக்கு 30 நாள். எதைப் போட வேண்டும் என்பதைச் செய்தியை வைத்து முடிவு செய்பவர் இரண்டு மாதத்தைக் கோட்டைவிடுவார்.

2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அமைச்சர்கள் சிலர் விடுவிக்கப்பட்ட வழக்குகளைத் தாமாக முன்வந்து எடுத்தார். அது சீராய்வு. யாரும் மனுப் போடாமலே செய்யக்கூடியது. அதைப் பலர் 'மறுஆய்வு' என்றே சொன்னார்கள். உயர் நீதிமன்றம் தன் தீர்ப்பையே மாற்றப் போகிறதா என்று கேட்டவர்கள் உண்டு. அங்கே ஆய்வுக்கு வந்தது கீழமை நீதிமன்றங்களின் முடிவு.

இந்தக் குளறுபடியில் தூய்மைவாதிகளுக்கும் பங்கு இருக்கிறது. 'ஜுடிஷியல் ரிவ்யூ'வுக்கு 'நீதிப் புனராய்வு' என்று ஒரு சொல் உண்டு. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அரசமைப்புக்குப் பொருந்துகிறதா என்று நீதிமன்றம் பார்ப்பது. 'புனர்' வடசொல் என்று சிலர் அதை விட்டுவிட்டு 'நீதிச் சீராய்வு' என்று எழுதுகிறார்கள். வடசொல்லை நீக்கியதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஏற்கெனவே ஒரு வேலையில் இருந்த சொல்லை இழுத்துவந்து அங்கே உட்கார வைத்தது சரியா? அப்புறம் ரிவிஷனுக்கும் ரிவ்யூவுக்கும் வித்தியாசம் காட்ட முடியாமல் 'மறு'வைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு, 2002-இல் உச்ச நீதிமன்றம் ரூபா அசோக் ஹுர்ரா வழக்கில் உருவாக்கிய க்யூரேட்டிவ் மனுவுக்கும் (மறுஆய்வும் தள்ளுபடியான பின் அங்கே கடைசியாகப் போடுவது) சிலர் இதே 'மறுசீராய்வு'வைப் போடுகிறார்கள். அதற்கு நல்ல தமிழ் அமையும்வரை 'க்யூரேட்டிவ் மனு' என்றே எழுதிவிட்டுப் போகலாம். ஒரு கடன்சொல்லால் தமிழ் செத்துவிடாது.

உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் மூன்று மனுக்களைப் பிரித்துச் சொல்லத் தெரியாத தமிழை வைத்துக்கொண்டு எந்தத் தீர்ப்பை எழுதுவது? இப்போது தீர்ப்புகளை மென்பொருள் வேறு மொழிபெயர்க்கிறது. நாம் குழப்பி எழுதியதைத்தான் அதுவும் படித்துத் திருப்பித் தரும்.

செய்தியாளருக்கு இதில் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. பதில் வழக்கு எண்ணிலேயே இருக்கிறது. 'எஸ்.ஏ.' என்றால் இரண்டாவது மேல்முறையீடு. 'சி.ஆர்.பி.', 'கிரிமினல் ஆர்.சி.' என்றால் சீராய்வு. 'ரிவ்யூ அப்ளிகேஷன்' என்றிருந்தால் மட்டும் மறுஆய்வு.