லைட் எரியாவிட்டால் ஏபிஎஸ் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லைங்க

சாவியைத் திருப்பினேன். மீட்டர் போர்டில் பேட்டரி விளக்கு வந்தது, இன்ஜின் ஆயில் விளக்கு வந்தது, ஹேண்ட் பிரேக் விளக்கும் வந்தது. ஏபிஎஸ் விளக்கு மட்டும் வரவில்லை. (ஏபிஎஸ் என்பது, பிரேக்கைப் பலமாக மிதித்தாலும் வீல் சுற்றாமல் இறுகி லாக் ஆகிவிடாதபடி பார்த்துக்கொள்ளும் அமைப்பு.) அப்போதே புரிந்துவிட்டது. போர்டைக் கழற்றி டயலைத் தூக்கிப் பார்த்தால், அந்த மஞ்சள் விளக்குக்குப் பின்னால் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு. கத்தரியால் வட்டமாக வெட்டி, ரொம்பப் பொறுமையாக ஒட்டியிருந்தார்கள். அந்தப் பொறுமையில் பாதியை வீல் பக்கம் காட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

இந்த வருஷம் எங்கள் பட்டறைக்கு இப்படி வந்த மூன்றாவது கார் இது. முதல் காரில் பல்பையே பிடுங்கியிருந்தார்கள். இரண்டாவதில் கெட்டிக்காரத்தனம் இன்னும் அதிகம். ஏபிஎஸ் விளக்கின் ஒயரை பேட்டரி விளக்கோடு சேர்த்து முறுக்கிவிட்டிருந்தார்கள். சாவி போட்டால் இரண்டும் எரியும், இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் இரண்டும் அணையும். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் பாவம், எப்படிக் கண்டுபிடிப்பார்? (வழி இருக்கிறது. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு வையுங்கள். பெரும்பாலான கார்களில் ஏபிஎஸ் விளக்கு இரண்டு மூன்று நொடியில் தானாக அணைந்துவிடும். பேட்டரி விளக்கோடு ஜோடி போட்டுக்கொண்டு எரிந்தபடியே இருந்தால் சந்தேகப்படுங்கள்.)

இப்போது வந்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். 2012 மாடல் சின்னக் கார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து, "பெடல் கொஞ்சம் உள்ள போகுது தம்பி, மத்தபடி ஒண்ணுமில்ல. நாளைக்குப் பேரப் பிள்ளைகளோட வால்பாறை போறோம், லேசாப் பார்த்து விட்டுருங்க" என்றார். லேசாக!

கதையைக் கேட்டு வாங்கினேன். நான்கு மாதத்துக்கு முன்னால் இடது முன் வீலில் சத்தம் வந்து, வேறொரு பட்டறையில் பேரிங் மாற்றியிருக்கிறார்கள். அன்றைக்கே ஏபிஎஸ் விளக்கு எரிய ஆரம்பித்தது. ஸ்கேனர் போட்டார்கள், "இடது முன் வீல் சென்சார்" (வீல் சுற்றும் வேகத்தை ஏபிஎஸ்ஸுக்குச் சொல்வது) என்று வந்தது, சென்சார் மாற்றினார்கள். விளக்கு போகவில்லை. "டூப்ளிகேட் சார், ஒரிஜினல் போடலாம்" என்று இன்னொன்று போட்டார்கள். அப்போதும் போகவில்லை. கடைசியில் "ஏபிஎஸ் யூனிட்டே போச்சு, பழசு ஒண்ணு பதினெட்டாயிரத்துக்குக் கிடைக்கும்" என்றிருக்கிறார்கள். சார் தலையை ஆட்டவில்லை. பிறகு ஐந்நூறு ரூபாயில் விளக்கு 'சரியாகி'விட்டது.

எனக்கு எரிச்சல் வருவது டேப்பைப் பார்த்துக்கூட இல்லை. அதற்கு முன்னால் நடந்ததைப் பார்த்துத்தான். ஸ்கேனரில் "வீல் சென்சார்" என்று வந்தால் "சென்சார் கெட்டுவிட்டது" என்று வாசிக்கும் பழக்கம் இருக்கிறதே, அது. தொழிலில் இருக்கிறவர்களே இப்படித்தான் வாசிக்கிறார்கள், காரின் சொந்தக்காரரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? ஸ்கேனரில் வரும் அந்தக் கோளாறுக் குறிக்கு 'கோடு' (code) என்று பெயர். கோடு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அந்த மூலையிலிருந்து எனக்கு ஒழுங்கான சிக்னல் வரவில்லை. சென்சார் செத்திருக்கலாம். ஒயர் ஸ்டியரிங் திரும்பத் திரும்ப மடங்கி உள்ளே அறுந்திருக்கலாம், வெளியே ரப்பர் முழுசாகத்தான் இருக்கும். மழைத் தண்ணீர் போய் கனெக்டர் பச்சை பூத்திருக்கலாம். சென்சார் உட்காரும் இடத்தில் துரு ஏறி, அதை ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளியிருக்கலாம். ஆக்சிலில் இருக்கும் பல் வளையம் (அதன் பற்கள் சுற்றுவதை வைத்துத்தான் சென்சார் வேகத்தை அறியும்) விரிசல் விட்டிருக்கலாம். பேரிங் ஆடலாம். அல்லது பேரிங்கைத் திருப்பி மாட்டியிருக்கலாம். இத்தனைக்கும் பெரும்பாலும் அதே சென்சார் பெயரோடுதான் கோடு வரும். கோடு தெருவைத்தான் சொல்லும், வீட்டை நாம்தான் தேட வேண்டும்.

தேடுவதும் பெரிய வித்தை இல்லை. முதலில் கவனிக்க வேண்டியது, விளக்கு எப்போது வருகிறது என்பது. சாவி போட்டதிலிருந்தே அணையாமல் நின்றால், பெரும்பாலும் ஒயர், கனெக்டர், ஃபியூஸ் என்று கரண்ட் சம்பந்தப்பட்ட கோளாறு. அணைந்துவிட்டு, கார் நகர்ந்து கொஞ்ச தூரம் போன பிறகு வந்தால், பெரும்பாலும் ஒயரில் குறையில்லை, சுற்றும்போது வர வேண்டிய சிக்னல்தான் வரவில்லை. டிராஃபிக் சிக்னலில் நிற்கப் போகும் கடைசி நேரத்தில், மெதுவாக உருளும்போது பெடல் காலுக்கடியில் 'கடகட'வென்று உதறினால், பல் வளையத்தில் விரிசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேட்டரி சோர்ந்த கார்களில் ஸ்டார்ட் செய்த உடனே விளக்கு வந்து நிற்பதும் உண்டு. பேட்டரியைப் பார்க்காமல் சென்சாருக்குப் போகிறவர்களை என்ன சொல்வது.

தொழில் செய்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. மல்டிமீட்டரை எடுத்ததும் ஓம் பார்க்காதீர்கள். பழைய காயில் வகை சென்சாருக்கு மட்டும்தான் அது பொருந்தும். பெரும்பாலும் ஆயிரம், இரண்டாயிரம் ஓமுக்குள் காட்டும். புது வகைக்கும் இரண்டே ஒயர்தான், ஆனால் அதை ஓமில் அளந்து ஒன்றும் தெரியாது. கனெக்டரைக் கழற்றி, சாவி போட்டு, கார் பக்க ஒயரில் 12 வோல்ட் வாக்கில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது புது வகை. அப்புறம் ஸ்கேனர். போனோடு சேரும் ஐந்நூறு ரூபாய் டாங்கிள் பெரும்பாலும் இன்ஜின் கோடு மட்டும்தான் படிக்கும். அதில் ஏபிஎஸ் கோடு வரவில்லை என்பதால் ஏபிஎஸ் நன்றாக இருக்கிறது என்று ஆகாது.

சார் காரில் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு அவினாசி ரோடு வரை ஒரு சுற்று போனோம். மூன்று வீல் 20 கிலோமீட்டர் வேகம் காட்டுகிறது, இடது முன் வீல் பூஜ்ஜியம். சென்சார் புதுசு, ஒயரில் கரண்ட் வருகிறது. மிச்சம் இருப்பது பேரிங்.

இந்த மாதிரி கார்களில் தனியாகப் பல் வளையம் கிடையாது. பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே காந்த வளையம் இருக்கும். பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தெரியும், கையால் தடவினாலும் தெரியாது. அந்தக் காந்தப் பக்கம், உள்பக்கமாக இருக்கும் சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். கழற்றிய பேரிங்கை மேஜையில் வைத்து, மேலே ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு, கிரைண்டருக்கு அடியில் கிடந்த இரும்புத் தூளை ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினேன். வெளிப்பக்கமாக இருந்த முகத்தில் தூள் மெல்லிய கோடு கோடாக எழுந்து, சூரியன் படம் போட்ட மாதிரி வட்டமாக நின்றது. உள்பக்க முகத்தில் சும்மா தூளாகவே கிடந்தது. திருப்பி மாட்டியிருக்கிறார்கள். நான்கு மாதம், இரண்டு சென்சார், ஒரு டேப், இதற்குத்தான். (தாள் இல்லாமல் நேராகத் தூவிவிடாதீர்கள், தூள் சீலில் ஒட்டிக்கொள்ளும். புதுப் பேரிங்கைக் காந்தத் தட்டில் வைக்கவும் கூடாது.)

இதெல்லாம் முடிந்த பிறகும், சார் கொண்டுவந்த புகார் அப்படியே இருந்தது. பெடல் உள்ளே போகிறது. அவர் மனதில் அதுவும் ஏபிஎஸ் கோளாறுதான். இல்லைங்க. ஏபிஎஸ் செத்தாலும் சாதாரண பிரேக் அதன்பாட்டுக்கு வேலை செய்யும். பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் பெரும்பாலும் காற்று. மிதித்துப் பிடித்தால் மெதுவாக இறங்கிக்கொண்டே போனால், வெளியே கசிவில்லாத பட்சத்தில், பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர். கல்லாக இருந்தால், மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டர் அல்லது அதன் வேக்யூம் குழாய். இன்ஜினை நிறுத்தி நாலைந்து முறை மிதித்துவிட்டு, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள், பெடல் சற்று இறங்கினால் பூஸ்டர் பிழைத்திருக்கிறது.

பானட்டைத் திறந்தால் பிரேக் ஆயில் டிகாஷன் நிறத்தில், மினிமம் கோட்டுக்குக் கீழே. "சிவப்பு பிரேக் விளக்கு ரெண்டு தடவை எரிஞ்சுது தம்பி, ஆயில் ஊத்தினாங்க, போயிடுச்சு." சார், அது என்ன தேங்காய் எண்ணெயா, தீர்ந்தால் ஊற்றிக்கொள்ள? பிரேக் ஆயில் செலவாகிற சாமான் இல்லை. குறைந்தால் ஒன்று பேட் தேய்ந்திருக்கிறது, இல்லை எங்கேயோ கசிகிறது. பின் வலது டிரம்மைக் கழற்றினேன். வீல் சிலிண்டரின் ரப்பரை விரலால் தூக்கியதும் ஆயில் வழிந்தது. பிரேக் ஷூ முழுக்க ஊறி, கறுத்து, பளபளவென்று இருந்தது.

இதோடு ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி, அதே 40-ஐ இறங்கவும் வேண்டும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ரக ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த அளவு 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு 230, ஈரமானால் 155. மலை இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் கேலிப்பர் (முன் வீலில் பேடை அழுத்திப் பிடிக்கும் பாகம்) அந்தச் சூட்டைத் தொட ரொம்ப நேரம் ஆகாது. உள்ளே ஆவி வந்துவிட்டால் பெடல் தரை வரை போகும், ஏபிஎஸ் இருந்தும் பிரயோஜனமில்லை. ஏறின கியரிலேயே இறங்குங்கள் என்று மலைப்பாதையில் போர்டு வைத்திருப்பது அழகுக்காக இல்லை.

இன்னொன்று. மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால், பதற்றமில்லாமல், இடைவெளி விட்டு ஓட்டி, சீக்கிரம் காட்டுங்கள். மஞ்சளும் சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள். முதலில் ஹேண்ட் பிரேக், அடுத்து ஆயில் அளவு பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால், முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக்கைப் பங்கிடும் இபிடியும் போயிருக்கலாம். சின்னக் காரின் பின்பக்கம் ஏற்கெனவே லேசு. பலமாக மிதித்தால் பின் வீல் முதலில் லாக் ஆகி, வண்டி பின்னால் இருந்து சுழலும். அதை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வராதீர்கள், போன் செய்யுங்கள், நாங்கள் வருகிறோம்.

பேரிங் மாற்றக் கொடுத்தால் ஏபிஎஸ் உள்ள கார் என்று சொல்லியே கொடுங்கள். ஒரே பேரிங் காந்தம் வைத்தும் வைக்காமலும் கடையில் கிடைக்கும், விலை குறைந்ததை வாங்கிவந்து மாட்டிவிடுவார்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்றுங்கள், சீல் உடைக்காத சின்ன டின்னாக வாங்கி. பாதி மிச்சமிருந்த டின் போன வருஷத்துடையது என்றால் தூக்கிப் போடுங்கள். இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ ஒரு சொட்டுகூட அதில் போகக் கூடாது, ரப்பர் எல்லாம் உப்பிவிடும். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள், தரத் தயங்கினால் அங்கே மறுபடி போகாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், சனிக்கிழமை மலை ஏறுகிற காரை வெள்ளிக்கிழமை இருட்டிய பிறகு கொண்டுவராதீர்கள். அந்த நேரத்தில் ஸ்பேர்ஸ் கடை எது திறந்திருக்கும்?

சார் பேரப் பிள்ளைகளோடு பொள்ளாச்சி போய் அங்கிருந்து பஸ்ஸில் வால்பாறை போனார். கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு. திங்கட்கிழமை புதுப் பேரிங், பின்னால் இரண்டு பக்கமும் வீல் சிலிண்டர், புது ஷூ, புது ஆயில், எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம். டேப்பையும் உரித்துவிட்டேன். நான்கு வீலும் 20 காட்டியது.

கடைசியாக, ஆள் நடமாட்டம் இல்லாத மண் படிந்த ரோட்டில், சாரைப் பக்கத்தில் உட்கார வைத்து, நாற்பதில் போய் ஒரே மிதி மிதித்தேன். கீழே 'டரடர'வென்று சத்தம், வண்டி நேராகப் போய் நின்றது. சார் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, "என்ன தம்பி, ஏதாவது உடைஞ்சுடுச்சா?" என்றார். பன்னிரண்டு வருஷமாக வைத்திருக்கும் காரில் அந்தச் சத்தத்தை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்கிறார். தனியாக ஓட்டும்போது வந்திருந்தால் பயந்து காலை எடுத்திருப்பார். "இல்லைங்க சார், இதுதான் ஏபிஎஸ். உதறும், சத்தம் போடும், காலை எடுக்காம அழுத்திட்டே ஸ்டியரிங்கைத் திருப்புங்க" என்றேன்.

கதவைத் திறந்து இறங்கினார். "நீங்க இந்தப் பக்கம் வாங்க, நான் ஒருக்கா மிதிச்சுப் பார்க்கிறேன்."