பைன், பயின், சரளம்

கொடைக்கானல் பைன் காட்டில் நிற்கிற மரத்துக்குத் தமிழில் என்ன பெயர்? தேவதாரு என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. தேவதாரு இமயமலையின் வேறொரு மரம். போதாக்குறைக்கு, நம் புதர்க்காடுகளில் வளரும் செம்புளிச்சானுக்கும் தேவதாரம் என்று பெயர். அதற்கும் பைனுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

'பைன்' ஆங்கிலம் வழியாக வந்த சொல். அதன் மூலம் லத்தீனின் 'பீனஸ்'. பழந்தமிழில் 'பயின்' என்றொரு சொல் இருக்கிறது. பிசின் என்று பொருள். பைனும் பிசினுக்குப் பேர்போன மரம்தான். அடிமரத்தைக் கீறிவிட்டால் பிசின் வடியும். அதைக் காய்ச்சி வடித்தால் பெயின்டில் கலக்கும் டர்ப்பன்டைன் பிரியும். அடியில் தங்குவது ரோசின். வயலின் வில்லில் தேய்க்கிறார்களே, அதுதான். ரேடியோ பழுதுபார்ப்பவர் சாலிடர் வைக்கும்போது தொட்டுக்கொள்வதும் அதுவே. பொருள் இவ்வளவு பொருந்தும்போது பயினிலிருந்துதான் பைன் வந்தது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒலியும் பொருளும் ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு கொண்டாட முடியாது.

இமயமலைச் சரிவுகளில் வளரும் சிர் பைனுக்கு வடமொழியில் 'சரளம்' என்று பெயர். நேரானது என்று பொருள். 'சரளமாகப் பேசுகிறார்' என்கிறோமே, அதே சொல்தான். அந்த மரத்துக்குச் சரளம் பொருத்தமான பெயர். ஆனால் கொடைக்கானலிலும் ஊட்டியிலும் ஊசிகள் தொங்கத் தொங்க நிற்பது பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து நட்ட பாட்டுலா பைன். அதற்குப் பைன் என்ற பெயரே போதும். மலையில் யாரும் வேறு பெயர் சொல்லிக் கேட்டதில்லை.

அப்புறம் 'ஊசியிலை மரம்'. பைன், தேவதாரு, சைப்ரஸ் எல்லாம் சேர்ந்த பெருங்கூட்டத்துக்கான பெயர் அது, பைனுக்கு மட்டும் உரியதல்ல. அந்தக் கூட்டத்தில் தென்னிந்தியாவுக்குச் சொந்தமானது ஒன்றே ஒன்று: நிரம்பாலி. பைன் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல என்றாலும் ஆங்கிலத்தில் அதையும் பழுப்புப் பைன் என்கிறார்கள். அகத்தியமலைப் பக்கத்து மழைக்காடுகளில் வளர்கிறது. பைன் காய் போலச் செதில் செதிலான கூம்பு இதில் கிடையாது. சதைப்பற்றான காம்பின் நுனியில் ஒற்றை விதை உட்கார்ந்திருக்கும். இலையோ ஊசியே அல்ல. நல்ல அகலம்; நடுநரம்பு இல்லாமல், அடியிலிருந்து நுனிவரை மெல்லிய நரம்புகள் இணையாக ஓடும்.