காரின் பின்கண்ணாடியில் ஏன் இவ்வளவு அழுக்கு?

ஹேட்ச்பேக் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். மழை விட்ட சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினால், பக்கவாட்டுக் கண்ணாடிகள் ஓரளவு தெளிவாக இருக்கும். பின்கண்ணாடி மட்டும் சேறு தெளித்ததுபோல மங்கிக் கிடக்கும். கார் காற்றில் மோதுவது முன்பக்கத்தில்தானே, அழுக்கு ஏன் பின்னால் சேர்கிறது? அதே சாலையில் வந்த செடான் காரின் பின்கண்ணாடி இவ்வளவு மோசமாக இருக்காது. பல ஹேட்ச்பேக்குகளுக்குப் பின்னால் ஒரு வைப்பர் இருப்பதும் செடான்களுக்குப் பெரும்பாலும் இல்லாததும் இதனால்தான்.

இந்த அழுக்கு எப்படி வந்தது என்று தேடிப்போனால், நெடுஞ்சாலையில் பெட்ரோல் எங்கே போகிறது என்பதும் தெரிந்துவிடும்.

காற்றுத்தடை என்றதும், கார் தன் மூக்கால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் சிரமம்தான் நம் மனதில் வருகிறது. அதனால் மூக்கு கூர்மையாக இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். உண்மையில், விளிம்புகளைக் கொஞ்சம் உருட்டிவிட்டாலே முன்பக்கத்தில் காற்று ஒழுங்காக விலகி வழிவிட்டுவிடும். விலகிய காற்று பின்னால் மறுபடி ஒன்றுசேர வேண்டுமே, சிக்கல் அங்கேதான்.

கூரைமேல் ஓடும் காற்று வேகம் கூடி, அழுத்தம் குறைந்து போகிறது. காரின் பின்பகுதிக்கு வரும்போது அது மறுபடி அழுத்தம் கூடிய இடத்துக்குள் நுழைய வேண்டும். மேட்டில் ஏறும் சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். வேகமாக வந்தவர் ஏறிவிடுவார்; களைத்து வந்தவர் பாதியில் நின்று பின்னால் உருளுவார். கார் உடலை ஒட்டி வரும் மெல்லிய காற்றுப்படலம் உராய்வினால் ஏற்கெனவே களைத்திருக்கிறது. பின்பகுதி மெதுவாகச் சரிந்தால் எப்படியோ ஒட்டிக்கொண்டு இறங்கிவிடும். சரிவு செங்குத்தாக இருந்தால் உடலைவிட்டுப் பிரிந்துவிடும்.

பிரிந்த இடத்துக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த, சுழல்கள் நிறைந்த ஒரு குழி உண்டாகிறது. பஸ் கடந்துபோனதும் சருகும் காகிதமும் அதன் பின்னாலேயே ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவை ஓடுவது இந்தக் குழிக்குள்தான். ஹேட்ச்பேக்கில் காற்று கூரையின் கடைசி விளிம்பிலேயே பிரிந்துவிடுகிறது. சக்கரங்கள் கிளப்பும் சேற்றுத்துளிகளைச் சுழல் மேலே இழுத்துவந்து கண்ணாடியில் அப்புகிறது. முன்னால் காற்று தள்ள, பின்னால் இந்தக் குழி இழுக்க, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே காற்றுத்தடையின் பெரும்பகுதி. உடல்மேல் காற்று உராய்வதால் வரும் தடை காரைப் பொறுத்தவரை சிறியது. பாலிஷ் போட்டு மினுக்கினால் கார் அழகாக இருக்கும், மைலேஜ் கூடாது.

இது எவ்வளவு பெரிய விஷயம்? 1,400 கிலோ எடையும், முன்னாலிருந்து பார்த்தால் 2.2 சதுர மீட்டர் பரப்பும், 0.30 இழுவைக் குணகமும் (காரின் வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்று சொல்லும் எண், குறைந்தால் நல்லது) உள்ள ஒரு காரைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் காற்றுத்தடை சுமார் 76 நியூட்டன். 100 கி.மீ. வேகத்தில் 306, அதாவது நான்கு மடங்கு. டயர்கள் உருளுவதால் வரும் தடையோ ஏறக்குறைய 140 நியூட்டனிலேயே நிற்கிறது. 70 கி.மீ. வேகத்தைத் தொடும்போதே காற்று டயரை முந்திவிடுகிறது. 80-இலிருந்து 120-க்குப் போனால், காற்றைச் சமாளிக்க மட்டும் தேவைப்படும் திறன் 4.3 கிலோவாட்டிலிருந்து 14.7-க்கு ஏறுகிறது. ஊருக்குப் போய்வந்த பிறகும் காலி கேரியரைக் கூரையிலேயே விட்டுவைப்பவர்கள் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். அந்த வேகத்தில் ஒவ்வொரு கம்பியும் தன் பின்னால் ஒரு குழியை இழுத்துக்கொண்டு வரும்.

சரி, குழியே இல்லாத கார் செய்ய முடியாதா? விமானம் கட்டிக்கொண்டிருந்த எட்மண்ட் ரும்ப்ளர் 1921-இல் பெர்லின் கண்காட்சிக்கு ஒரு காரைக் கொண்டுவந்தார். மேலிருந்து பார்த்தால் துளி வடிவம்: முன்னால் உருண்டை, பின்னால் நீண்டு குறுகும் வால். (மழைத்துளி அந்த வடிவில் விழுவதில்லை, பெரிய துளிகள் அடி தட்டையாகி பன் போலத்தான் விழும். மீனைப் பார்த்தால் சரியாகப் புரியும்.) சுமார் 100 கார்களே தயாராயின. எஞ்சியவற்றில் ஒன்றை 1979-இல் ஃபோக்ஸ்வாகன் தன் காற்றுச் சுரங்கத்தில் (நிற்கும் காரின்மேல் காற்றை வீசி அளக்கும் கூடம்) நிறுத்தி அளந்தபோது குணகம் 0.28 என்று வந்தது. அன்று சாலையில் ஓடிய பல புதிய கார்களுக்கு 0.40-க்கும் மேல்! அறுபது வருடத்துக்கு முந்தைய கார் அவற்றைத் தோற்கடித்ததை நினைத்தால் எனக்கு இன்னமும் மெய்சிலிர்க்கிறது.

ஆனால் நீண்ட வாலை வைத்துக்கொண்டு தெருவில் எப்படித் திரும்புவது, எங்கே நிறுத்துவது? 1930-களில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் வூனிபால்ட் காம் என்ற பொறியாளர் அதற்கு வழி சொன்னார். வாலை மெதுவாகக் குறுக்கிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் சட்டென்று வெட்டிவிடுங்கள். காற்று அங்கே பிரியத்தான் செய்யும், ஆனால் குழி சிறியதாகிவிட்டிருக்கும். டொயோட்டா பிரியஸின் பின்பக்கம் இந்த யோசனைதான்.

சரிவின் கோணத்தில் இன்னொரு விபரீதமும் ஒளிந்திருந்தது. 1970-களில் ஃபோக்ஸ்வாகனின் கோல்ஃப் காரை உருவாக்கும்போது அந்த நிறுவனத்தின் ஹூகோவும் யான்சனும் பின்சரிவின் கோணத்தை மாற்றி மாற்றி அளந்தார்கள். 30 பாகையை நெருங்கும்போது தடை எகிறியது. அதைத் தாண்டியதும் சட்டென்று விழுந்தது. மெதுவான சரிவு நல்லது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்கு இப்படி ஓர் எல்லை இருக்கிறது. 30 பாகைக்கு அருகே காற்று சரிவில் ஒட்டியபடியே, இரண்டு பக்க ஓரங்களிலும் கயிறு முறுக்குவதுபோல வலுவான சுழல்களாகச் சுருள்கிறது. அவற்றின் நடுவே அழுத்தம் மிகக் குறைவு, அது சரிந்த கண்ணாடியைப் பின்னோக்கி இழுக்கிறது. கோணம் இன்னும் கூடினால் காற்று மொத்தமாகப் பிரிந்து, சுழல்கள் வலுவிழந்து, இழுவை குறைகிறது. ஒட்டுவதா பிரிவதா என்று ஊசலாடும் இடம்தான் மிக மோசமான இடம்.

ஆகவே இன்றைய வடிவமைப்பாளர்கள் காற்று எங்கே பிரிய வேண்டும் என்பதை அதன் விருப்பத்துக்கு விடுவதில்லை. புதிய மின்சாரக் கார்கள் பலவற்றின் பின்விளக்கைத் தடவிப் பாருங்கள். உடல் முழுக்க வழவழப்பாக வந்து, விளக்கின் ஓரத்தில் மட்டும் கத்தி முனைபோல ஒரு மடிப்பு கையில் தட்டும். காற்று எல்லா வேகத்திலும் அந்தக் கோட்டிலேயே பிரிய வேண்டும் என்பதற்காக வைத்த மடிப்பு அது.