சிரிப்பு எந்தச் சொல்லில் பிறக்கிறது?

திருகோணமலை மீன் சந்தையில் நடப்பதாக ஒரு பகிடியைக் கற்பனை செய்துகொள்வோம்.

“மீன் புதிதா, தம்பி?”

“விடியத்தான் கரைக்கு வந்தது, அண்ணை.”

“அப்படியானால் கண் ஏன் இப்படிச் சிவந்து கிடக்கிறது?”

“பின்னே எப்படி நித்திரை வரும், இரண்டு இரவாகப் பெட்டிக்குள் கிடந்தால்!”

இதில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? மொழியியலாளர் விக்டர் ரஸ்கின் 1985இல் முன்வைத்த கோட்பாடு இதற்குத் தெளிவான விடை தருகிறது. ஒரே வாசகம் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு பொருட்சட்டகங்களுக்குள், அதாவது ஒன்றைப் புரிந்துகொள்ள நாம் மனதில் வைத்திருக்கும் இரண்டு அறிவுத்தொகுப்புகளுக்குள், பொருந்தும்போது அது பகிடியாகிறது என்றார் அவர். சிவந்த கண்ணுக்கு இரண்டு காரணங்களை நாம் முன்பே அறிவோம்: மனிதனுக்கென்றால் நித்திரையின்மை, மீனுக்கென்றால் பழுது. வியாபாரி முதலாவதைச் சொல்லி மீனுக்காகப் பரிந்து பேசுகிறார். அந்தப் பரிவே இரண்டாவதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. புதுமீன் ஒரே வரியில் பழைய மீனாகிறது.

அந்தக் கடைசி வரியின் சொல்லொழுங்கைக் கவனியுங்கள். இலக்கணப்படி ‘இரண்டு இரவாகப் பெட்டிக்குள் கிடந்தால் எப்படி நித்திரை வரும்’ என்றுதான் எழுதுவோம். அப்படிச் சொன்னால் குட்டு முதலிலேயே உடைந்துவிடும்; மிச்சச் சொற்கள் வீணாக இழுபடும். தமிழில் வினைமுற்று கடைசியில் வரவேண்டும் என்று படிக்கிறோம். ஆனால் பேசும்போது முக்கியமான தொடரை வினைக்குப் பின்னால் தள்ளிவிடுவது நமக்கு இயல்பு. பகிடி சொல்லத் தெரிந்தவர்கள் எல்லோரும் இந்த வசதியை அறிந்தோ அறியாமலோ பயன்படுத்துகிறார்கள். நம் மொழியின் இந்த நெகிழ்ச்சி தனி ஆய்வுக்கே தகுதியானது என்பது என் உறுதியான எண்ணம்.

ரஸ்கினும் இன்னொரு மொழியியலாளரான சல்வதோரே அத்தார்தோவும் 1991இல் கோட்பாட்டை விரித்தார்கள். ஒரு பகிடியை முரண், தருக்க உத்தி (முரணான இரண்டு சட்டகங்களை இணைக்கும் விளையாட்டுத் தருக்கம்), சூழல், இலக்கு (கேலிக்கு ஆளாகிறவர்), சொல்லும் முறை, மொழி என்று ஆறாகப் பிரிக்கலாம் என்றார்கள். இந்த வரிசையில் முன்னால் உள்ள கூறு மாறினால் பகிடி அதிகம் வேறுபட்டுத் தெரியும் என்பது அவர்கள் கணிப்பு. இரண்டு பகிடிகள் எவ்வளவு நெருங்கியவை என்பதை இதைக்கொண்டு அளக்கலாம். உளவியலாளர் வில்லிபால்ட் ரூக்குடன் சேர்ந்து 1993இல் அதைச் சோதித்தும் பார்த்தார்கள். ஒரு பகிடியின் ஒவ்வொரு கூறாக மாற்றி, மூலத்தோடு அது எவ்வளவு ஒத்திருக்கிறது என்று நூற்றுக்கணக்கானோரிடம் கேட்டார்கள். சொற்களை மாற்றினால் ‘அதே பகிடிதான்’ என்றார்கள். முரணை மாற்றினால் ‘இது வேறு’ என்றார்கள். தருக்க உத்தி மட்டும் கோட்பாடு எதிர்பார்த்த இடத்தில் வந்து நிற்கவில்லை. கணிப்பு எங்கே பிசகியது என்று காட்டக்கூடிய கோட்பாடு என்பதாலேயே அதன் மீது எனக்கு மதிப்பு அதிகம்.

எழுத்தில் இருப்பது பாதிதான். உரையாடலை ஆராய்ந்த சமூகவியலாளர் ஹார்வி சாக்ஸ் 1974இல், உரையாடலில் சொல்லப்பட்ட ஒரு பகிடியை முன்னுரை, சொல்லல், எதிர்வினை என்று பிரித்து அலசினார். அதே துறையைச் சேர்ந்த கெயில் ஜெபர்சன் இன்னும் நுணுக்கமாகப் போனார். ‘சிரித்தார்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடாமல், சொல்லுக்குள் மூச்சு எங்கே உடைகிறது என்று பதிவு செய்தார். அவர் முறைப்படி நம் வியாபாரியின் கடைசிச் சொல்லைக் ‘கிட(ஹ்)ந்தா(ஹ்)ல்’ என்று எழுதலாம். சொல்பவர் தன் பேச்சுக்குள்ளேயே சிரிப்பைக் கலந்து, கேட்பவரையும் சிரிக்க அழைக்கிறார் என்பதை அவர் காட்டினார். சிரிப்பை வரவழைக்கும் முத்தாய்ப்பு வரிக்கு முன் நிறுத்தி, குரலை உயர்த்திச் சொல்வார்கள் என்றுதான் பலரும் நம்புகிறோம். ஆங்கிலம் பேசுவோரின் குரலை அத்தார்தோவும் லூசி பிக்கரிங்கும் கருவியால் அளந்தபோது, அப்படிப்பட்ட இடைவெளியோ உரத்த குரலோ தென்படவில்லை.

திரையில் சிக்கல் வேறு. சப்டைட்டிலில் முழு வரியும் ஒரேயடியாகத் தோன்றினால், நடிகர் வாய் திறந்து முடிப்பதற்குள் பார்ப்பவர் படித்துச் சிரித்துவிடுவார். அதனால் முத்தாய்ப்பைத் தனி வரியாகப் பிரித்து, அது பேசப்படும் கணத்தில் காட்ட வேண்டியிருக்கிறது.

மொழி தாண்டும்போது என்ன ஆகிறது? பொருளில் உள்ள நகைச்சுவை சொல்லை மாற்றினாலும் பிழைக்கும், சொல்லில் உள்ளது அழியும் என்று உரோமானியப் பேச்சாளர் சிசரோ கி.மு. 55இலேயே எழுதினார். சிலேடைகளைப் பொறுத்தவரை இது சரி. நம் மீன் பகிடியைச் சிங்களத்தில் சொன்னாலும் திருகோணமலைச் சந்தையில் எடுபடும், ஏனென்றால் மீனின் கண்ணைப் பார்த்து வாங்கும் பழக்கம் எல்லோருக்கும் பொது. தலையும் கண்ணும் இல்லாத துண்டுகளாக, உறையிலிட்ட மீனை வாங்கியே பழகிய ஊரில் சொன்னால் சொற்கள் அத்தனையும் புரியும், சிரிப்பு மட்டும் வராது. சிசரோவின் பிரிவினைக்கு இந்த மூன்றாவது நிலையையும் சேர்த்தாக வேண்டும்.

பண்பாடுகளை ஒப்பிடுவதில் சமூகவியலாளர் கிறிஸ்டி டேவிஸ் 1990இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. ஆங்கிலேயர் ஐரிஷ்காரரையும், பிரெஞ்சுக்காரர் பெல்ஜியரையும் முட்டாள்களாக்கிப் பகிடி சொல்கிறார்கள். மொழியாலும் பழக்கத்தாலும் நெருங்கி, ஆனால் விளிம்பில் இருப்பவர்களே பெரும்பாலும் இப்படி இலக்காகிறார்கள் என்று அவர் காட்டினார். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூன்று சமூகத்தாரும் அன்றாடம் ஒரே சந்தையில் பேரம் பேசும் திருகோணமலையில் இதைத் தேடிப் பார்க்க நிறைய இடமுண்டு. மூதூர்ப் படகிலோ கிண்ணியா பஸ்ஸிலோ கேட்கும் பகிடிகளைத் தொகுப்பவர்கள் வாசகத்தை மட்டும் எழுதிவைத்தால் போதாது. யார், யாரிடம், எந்த மொழியில் சொன்னார், சிரிப்பு எந்த அசையில் எழுந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.