சாப்பாட்டு மேசைக்கு அப்பாவும் வர வேண்டும்

வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் என்னிடம் பிள்ளையை அழைத்து வரும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, “நாங்கள் எங்கே பிழை விட்டோம்?” என்பதுதான். எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்க வைக்கும் அனோரெக்சியா என்ற நோயைப் பெற்றோர் உண்டாக்குவதில்லை. மரபணு, பிள்ளையின் சுபாவம், பருவ வயது, மெலிவைப் புகழும் சூழல் எனப் பலவும் சேர்ந்து வரும் நோய் அது. ஆனால் அதைக் குணப்படுத்துவதில் பெற்றோருக்குப் பெரும் பங்கு உண்டு. இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் 1980களில் உருவான குடும்பம் சார்ந்த சிகிச்சையில், எதை, எவ்வளவு சாப்பிடுவது என்பதை ஆரம்பத்தில் பெற்றோரே தீர்மானிப்பார்கள். உடல் தேறத் தேற அந்தப் பொறுப்பு படிப்படியாகப் பிள்ளையிடம் திரும்பும்.

“பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து சாப்பாடு கொடுப்பதா?” என்று சிலர் தயங்குவார்கள். தயங்குபவர்களில் அப்பாமாரே அதிகம். பட்டினி மனதையும் மாற்றிவிடும். 1944, 45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாவில், ஆரோக்கியமான 36 ஆண்களை ஏறத்தாழ ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு எந்நேரமும் உணவு நினைப்பாகவே இருந்தது; எரிந்து விழுந்தார்கள், மற்றவர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். வளர்ந்த ஆண்களுக்கே அந்த நிலையென்றால், பிள்ளையிடம் “நீயே யோசித்துச் சாப்பிடு” என்று விட்டுவிடுவதில் என்ன பயன்?

பல வீடுகளில் கேட்டதைச் சேர்த்து ஓர் இரவுச் சாப்பாட்டைச் சொல்கிறேன். இடியப்பம், சொதி, சம்பல். மகள் ஓர் இடியப்பத்தை இழை இழையாகப் பிரித்தே அரை மணி நேரத்தைக் கடத்துகிறாள். தேங்காய்ப்பால் என்பதால் சொதியைத் தொடவில்லை. “இன்னும் இரண்டு சாப்பிடம்மா” என்கிறார் அம்மா. “பாவம், பிள்ளையை அழ வைக்காதே, நாளைக்குச் சாப்பிடுவாள்” என்கிறார் அம்மம்மா. அப்பா கைத்தொலைபேசியுடன் முன் அறையில் இருக்கிறார். நோய்க்கு இந்த இடைவெளி போதும்.

எத்தனை இடியப்பம், எத்தனை கரண்டி சொதி என்பதைப் பெரியவர்கள் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். பிள்ளையின் முன்னால் பேரம் வேண்டாம். அழுதால், “கஷ்டமாக இருக்கிறதென்று தெரியும், நான் எழுந்து போகமாட்டேன், அடுத்த வாயைச் சாப்பிடு” என்று சொன்னால் போதும். கலோரிக் கணக்கு, மச்சாளோடு ஒப்பீடு எதுவும் வேண்டாம். கனடாவிலிருந்து வீடியோ அழைப்பில் “மெலிந்து வடிவாகிவிட்டாய்” என்று பாராட்டும் மாமிக்கும் இதைச் சொல்லி வையுங்கள். வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தால், சாப்பிட்டபின் ஒரு மணி நேரமாவது யாராவது கூட இருக்க வேண்டும். தம்பியைக் காவலுக்கு வைக்காதீர்கள். அக்காவோடு கரம் விளையாடட்டும்.

மயக்கம், மிக மெதுவான நாடித்துடிப்பு, வேகமான எடைக் குறைவு இருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். நீண்ட பட்டினிக்குப்பின் திடீரென அதிகமாகச் சாப்பிட்டால் இரத்தத்தில் பொஸ்பேற்று என்ற உப்பு குறைந்து இதயம் பாதிக்கப்படலாம் என்பதால், தொடக்கம் வைத்தியரின் கண்காணிப்பில்தான் இருக்க வேண்டும். எங்கே போவதென்று தெரியாவிட்டால் இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

எங்கள் வீடுகளில் விரதத்தையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. கந்தசஷ்டி வந்தால் ஆறு நாளும் பட்டினி கிடக்க நோய்க்கு நல்ல சாட்டு கிடைத்துவிடும்; பக்தி என்றால் யார் மறுப்பது? “இந்த வருஷம் உனக்கு விரதம் இல்லை, உனக்காக நான் பிடிக்கிறேன்” என்று சொல்லும் வேலையை அம்மம்மாவிடம் ஒப்படையுங்கள். அம்மாவும் நானும் சொல்வதைவிட அவர் சொன்னால் எடுபடும்.