கிரிஸ்டல் இல்லாத ரிமோட் தன் விமானத்தை எப்படிக் கண்டுகொள்கிறது?

தேவிபட்டினத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கல்லூரி நாட்களில் பால்சா மரத்தில் ஆர்.சி. விமானம், அதாவது ரிமோட்டால் செலுத்தும் விளையாட்டு விமானம், கட்டிப் பறக்கவிட்டவர். பிறகு வளைகுடா வேலை, குடும்பம் என்று அந்த ஆசை பரணுக்குப் போய்விட்டது. இப்போது ஊர் திரும்பி, புது ரிமோட் ஒன்றை வாங்கியிருக்கிறார். “அப்போதெல்லாம் ஒரு மீட்டர் ஆன்டெனாவை இழுத்து நீட்டுவோம். ரிமோட்டில் அலைவரிசையை நிர்ணயிக்கும் ஒரு கிரிஸ்டல், விமானத்தில் அதன் ஜோடி. அதே எண் கிரிஸ்டலை வேறொருவரும் போட்டுவிட்டால் இருவர் விமானமும் தரையில்தான். இதில் கிரிஸ்டலே காணோம், ஆன்டெனா விரல் நீளம்தான். பத்துப் பேர் ஒரே கண்மாய்த் திடலில் பறக்கவிடலாம் என்கிறார்கள். அது எப்படி?” என்று கேட்கிறார்.

மற்ற மாற்றங்களை அவரே கவனித்திருப்பார். விளக்கெண்ணெய் வாடையோடு உறுமிய எரிபொருள் என்ஜின் போய் பிரஷ் இல்லாத மின்மோட்டாரும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் வந்துவிட்டன. பால்சாவின் இடத்தை நுரைப்பலகை பிடித்துக்கொண்டது. இறக்கையும் காற்றும் மட்டும் மாறவில்லை.

ஆன்டெனா குட்டையானதன் காரணம் பள்ளிக் கணக்குதான். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம். பழைய 72 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது சுமார் 4.2 மீட்டர், ஆன்டெனாவுக்கு வேண்டிய கால் பங்கு ஒரு மீட்டரைத் தாண்டும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளமே பன்னிரண்டரை சென்டிமீட்டர். விமானத்துக்குள் இருந்து ரிமோட்டின் அலையை வாங்கும் புது ரிசீவரின் கம்பியைப் பாருங்கள்: நுனியில் 3 சென்டிமீட்டருக்கு மேலுறை உரிக்கப்பட்டிருக்கும். ஆன்டெனா என்பது அந்தத் துண்டு மட்டுமே. மீதிக் கம்பி, அதைச் சுற்றுக்குள்ளிருந்து வெளியே கொண்டுவரும் வழி.

இனி பத்துப் பேர் கதை. பழைய முறையில் கிரிஸ்டல் ஒரு அலைவரிசையைப் பிடித்து அங்கேயே நின்றது. அதனால்தான் திடலில் ஒரு பலகையை நட்டு, எண் எழுதிய கிளிப்பை எடுத்தவர் மட்டுமே அந்த அலைவரிசையில் ரிமோட்டைப் போடலாம் என்று விதி வைத்திருந்தார்கள். புது முறையில் ரிமோட் எந்த இடத்திலும் நிற்பதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையைப் பல துண்டுகளாகப் பிரித்துக்கொண்டு, சில மில்லிநொடிக்கு ஒரு முறை ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. தாவும் இடமெல்லாம் ஒரு சின்னத் தகவல் பொட்டலத்தை அனுப்புகிறது: சுக்கான் இவ்வளவு, மோட்டார் இவ்வளவு என்று. ரிசீவரும் அதே நேரத்தில் அதே இடத்துக்குத் தாவி அதை வாங்கிக்கொள்கிறது.

அடுத்து எங்கே தாவ வேண்டும் என்று ரிமோட் ரிசீவருக்குச் சொல்வதே இல்லை. எனக்குத் தெரிந்த பொறியியல் யோசனைகளில் இவ்வளவு சிக்கனமும் அழகும் சேர்ந்தவை குறைவு. முதல் நாள் ‘பைண்ட்’ பொத்தானை அழுத்தி இரண்டையும் ஜோடி சேர்த்தீர்கள் அல்லவா? அப்போது ரிமோட் தன்னுடைய அடையாள எண்ணை ரிசீவருக்குக் கொடுத்துவிட்டது. அந்த எண்ணை வைத்து இரண்டும் தனித்தனியே ஒரே கணக்கைப் போடுகின்றன. விடையும் ஒன்றாகவே வரும்.

காகிதத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். 0 முதல் 15 வரை பதினாறு அலைவரிசைகள் என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய எண்ணை 5ஆல் பெருக்கி, 3 கூட்டி, 16ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அடுத்த இடம். 7இல் தொடங்கினால் 38, மீதி 6. பிறகு 33, மீதி 1. இப்படியே போனால் 7, 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4 என்று வந்து மறுபடி 7. பார்வைக்குத் தாறுமாறு. ஆனால் பதினாறில் ஒன்றுகூட விடுபடவில்லை, ஒன்றுகூட இருமுறை வரவில்லை. ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் இவ்வளவு செய்கின்றன! உண்மையான கருவிகளின் கணக்கு இதைவிடச் சிக்கலானது. ரிமோட்டுக்கு ரிமோட் வரிசையே மாறும்.

இப்போது பக்கத்து இறால் பண்ணை அலுவலகத்தின் வைஃபை 4 முதல் 7 வரையுள்ள அலைவரிசைகளை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்போம். நம் வரிசையில் மிக மோசமான இடம் 4, 7, 6 என்று மூன்றும் அடுத்தடுத்து வரும் கட்டம். மூன்று பொட்டலங்களும் கெட்டுவிடும். ஒவ்வொன்றிலும் சரிபார்ப்பு எண் உண்டு என்பதால், கெட்டது கெட்டது என்று தெரிந்து ரிசீவர் ஒதுக்கிவிடும். நான்காவதாக 1, அது வந்து சேரும். தாவலுக்கு 7 மில்லிநொடி என்றால் நாலு தாவலுக்கு 28 மில்லிநொடி. நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகும் விமானம் அதற்குள் அரை மீட்டர்கூட நகர்ந்திருக்காது. விமானத்தின் சுக்கானைத் திருப்பும் பழைய சர்வோ மோட்டார்களே 20 மில்லிநொடிக்கு ஒரு முறைதான் கட்டளை வாங்கின. பத்து ரிமோட்டுகள் திடலில் இருந்தால் நடப்பதும் இதுதான்: கோலாட்டத்தில் இரண்டு ஜோடி தவறி ஒரு தாளத்துக்கு இடித்துக்கொண்டாலும், அடுத்த தாளத்தில் அவரவர் இடத்துக்குப் போய்விடுவதைப் போல.

சில பொட்டலங்கள் வராவிட்டாலும் ரிசீவர் திகைத்து நிற்பதில்லை. தன் கடிகாரத்தை நம்பித் தாவிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கடிகாரத்தைத் துடிக்கவைப்பது ஒரு கிரிஸ்டல்! கிரிஸ்டல் காணாமல் போகவில்லை, வேலையை மாற்றிக்கொண்டது. அதன் பிழை பத்து லட்சத்தில் இருபது பங்கு என்றாலும், ஒரு முழு நொடி மௌனத்தில் விலகல் 20 மைக்ரோநொடி. 7,000 மைக்ரோநொடி நீளமுள்ள தாவலில் அது ஒரு பொருட்டே இல்லை. அடுத்த பொட்டலம் கிடைத்தவுடன் கடிகாரமும் சரிசெய்யப்பட்டுவிடும்.

இந்த யோசனையின் பழைய வடிவம் ஒன்று 1942 ஆகஸ்ட் 11 அன்று அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. பெற்றவர்கள் வியன்னாவில் பிறந்த நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தீலும். எதிரி குழப்ப முடியாதபடி டார்பிடோவை வானொலியால் செலுத்துவது அவர்கள் நோக்கம். கப்பலிலும் டார்பிடோவிலும் தானாக வாசிக்கும் பியானோவில் ஓடுவதைப் போன்ற, ஒரே மாதிரி துளையிட்ட இரண்டு காகிதச் சுருள்கள் ஒரே வேகத்தில் ஓடும். துளைக்கேற்ப அலைவரிசை மாறும். பியானோவின் கட்டைகளைப் போல 88 அலைவரிசைகள். கடற்படை அன்று அதைப் பயன்படுத்தவில்லை. லமாரை ‘வைஃபையைக் கண்டுபிடித்தவர்’ என்று பரப்புவது மிகை. அலைவரிசை மாற்றும் எண்ணம் அவருக்கு முன்பும் சிலருக்கு இருந்தது; இன்றைய வைஃபை தாவுவதும் இல்லை. ஆனால் தொலைவிலிருந்து ஒன்றைச் செலுத்துவதற்கென்றே அவர்கள் யோசித்தது இன்று விளையாட்டு விமானத்தில் ஓடுகிறது என்பது என்னை மிகவும் மகிழ்விக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அலைக்கற்றை என்றாலே நமக்கு ஏலம்தான் நினைவுக்கு வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை ஏலம் விடப்படாதது. அமெரிக்கா 1985இல் இத்தகைய பட்டைகளில் உரிமமில்லாத பரவல் அலைக் கருவிகளை, அதாவது ஒரே அலைவரிசையில் நிற்காமல் பட்டையில் பரவி இயங்குபவற்றை, அனுமதித்தது. இந்தியா 2005இல் இந்தப் பட்டைக்குக் குறைந்த திறனில் உரிம விலக்கு அளித்தது. புளூடூத், வைஃபை, நம் விமானம் எல்லாம் அந்தப் பொதுத் திடலில் விளைந்தவை. அரசு ஆராய்ச்சிக்குக் கோடிகளைக் கொடுக்கட்டும், வேண்டும். அதோடு காசு வாங்காமல் இப்படிச் சில திடல்களைத் திறந்து வைப்பதும் ஆராய்ச்சிக்குச் செய்யும் உதவியே.

ரிமோட் அலையால் பறவைகள் சாகும் என்று ஊரில் சொல்கிறார்களாம். நம்பாதீர்கள். இதன் திறன் வழக்கமாக 100 மில்லிவாட். சட்டைப்பையில் இருக்கும் செல்போனே சில நேரங்களில் அதைவிட அதிகமாக உமிழும். பறவைகளை விரட்டுவது விமானத்தின் உருவமும் இரைச்சலும்தான். தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகள் இறங்கும் மாதங்களில் அங்கே எதையும் பறக்கவிடக் கூடாது.

புது அலைக்கு ஒரு பலவீனம் உண்டு. நீண்ட அலை தடைகளைச் சுற்றி வளைந்துவிடும். பன்னிரண்டு சென்டிமீட்டர் அலைக்கு அந்தத் திறன் குறைவு. அடர்ந்த சீமைக்கருவேலங்காட்டுக்கோ பனந்தோப்புக்கோ பின்னால் விமானத்தைத் தாழ இறக்கினால் தொடர்பு அறுபடலாம். ஆகவே ரிசீவரின் இரண்டு ஆன்டெனாக்களையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஒட்டுங்கள். ரிமோட் ஆன்டெனாவின் நுனியை விமானத்தை நோக்கி நீட்டாதீர்கள். நுனித் திசையில்தான் அலை மிகக் குறைவு. தொடர்பு அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ‘ஃபெயில்சேஃப்’ அமைத்து, விமானத்தைக் கட்டிவைத்த நிலையில் ரிமோட்டை அணைத்துச் சோதித்துவிடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில், கடல்காற்று எழுமுன் காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

இடம் முக்கியம். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானதளம் இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி சிவப்பு மண்டலத்தில் பறக்கவிட மத்திய அரசின் அனுமதி வேண்டும். மண்டலங்களை நிறம் பிரித்துக் காட்டும் மத்திய அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ இணைய வரைபடத்தில் உங்கள் கண்மாய் எந்த நிறத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பரணில் இருக்கும் பழைய விமானம் தேறுமா என்றும் கேட்டிருந்தார். ரிசீவரையும் பேட்டரியையும் மாற்றியாக வேண்டும். சர்வோக்களைத் தூக்கி எறிய வேண்டாம். ஒன்று முதல் இரண்டு மில்லிநொடி நீளமுள்ள மின்துடிப்பைப் பார்த்துத் தன் சிறு கையைத் திருப்பும் அந்த முறை இன்றும் அப்படியே இருக்கிறது. இணைப்பு ஊசிகளில் உப்புக்காற்று ஏற்றிய பச்சைக் களிம்பைச் சுரண்டிவிட்டுப் புது ரிசீவரில் செருகினால், பெரும்பாலும் அவை வேலை செய்யும்.